ஒரு கிளை நூலகமும் பதின்ம வயதினரும்: ஒரு கல்வியாண்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் கரையில் உள்ள சிற்றூரின் கிளை நூலகத்தில், ஒரு கல்வியாண்டின் ஜூன் மாதம் தொடங்கி அடுத்த ஜூன் வரை நடந்தவை இங்கே பதிவாகின்றன. நான் அங்கே நூலகராகப் பணியாற்றுகிறேன். காலையில் பெருக்கித் தண்ணீர் வைத்துவிட்டுப் போகும் பகுதி நேரப் பணியாளரைத் தவிர வேறு ஊழியர் இல்லை. ஊரின் பெயரையும் இதில் வரும் எவருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. மாணவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

நூலகத்தின் முன்புறம் தாழ்வாரம், நடுவில் நூல் அடுக்குகள் நிற்கும் கூடம், பின்னால் ஓர் அறை. தாழ்வாரத்தில் நாளிதழ் மேசையும், தெருவைப் பார்த்துப் போடப்பட்ட நீண்ட பெஞ்சும் இருந்தன. ஓய்வுபெற்றவர்களும் வயல் வேலை முடித்து வருபவர்களும் அங்கே அமர்ந்து நாளிதழ் படிப்பார்கள். பின்னறை முழுவதும் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கும், காவலர் தேர்வுக்கும், ஆசிரியர் தகுதித் தேர்வுக்கும் தயாராகும் இளைஞர்கள். கையேடுகளை அவர்களே கொண்டு வந்துவிடுவார்கள். எங்களிடமிருந்து அவர்களுக்கு வேண்டியவை மேசை, மின்விசிறி, அமைதி ஆகியவைதாம். கூடத்தின் ஒரு மூலையில் தாழ்ந்த நாற்காலிகளுடன் சிறுவர் பகுதி. இப்படி முதியவருக்கும் இளைஞருக்கும் குழந்தைக்கும் இடம் இருந்த கட்டடத்தில், 13 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கென்று ஒரு நாற்காலிகூட இல்லை என்பதை நான் ஆறு ஆண்டுகள் கவனிக்காமலே இருந்தேன். அரைக் கிலோமீட்டர் தொலைவில் இருபாலரும் படிக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி இருந்தும் கவனிக்கவில்லை.

ஜூன் மாதம் ஆய்வுக்கு வந்த அலுவலர், பள்ளி மாணவர்களில் எத்தனை பேர் உறுப்பினர் என்று கேட்டபோதுதான் அட்டைகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். தொடக்கப் பள்ளி வயதில் சேர்ந்த பிள்ளைகள் பலர் இருந்தார்கள்; ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு வந்ததும் அந்த அட்டைகளில் தேதி முத்திரை நின்றுபோயிருந்தது. கைப்பேசி வந்த பிறகு பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று ஊரில் எல்லோரும் சொல்வதையே நானும் அந்த அலுவலரிடம் சொன்னேன். அந்தப் பதில் முழு உண்மை அன்று என்பது அடுத்த சில வாரங்களில் தெரிந்தது.

ஜூன், ஜூலை: பதிவேட்டில் கண்டவை

வருகைப் பதிவேட்டில் வயது கேட்கப்படுவதில்லை. ஆகவே ஜூலையில் இரண்டு வாரம், பள்ளிச் சீருடையில் வருபவர் கையெழுத்திடும்போதெல்லாம் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். மொத்தம் 23 புள்ளிகள். அவற்றில் பெரும்பாலானவை, விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் வெளியேறிய அதே ஆறு, ஏழு மாணவர்களுடையவை. மாணவிகளின் புள்ளிகள் நான்கே. நால்வரும் பள்ளியில் கொடுத்த செயல்திட்டத்துக்குப் படம் தேடி வந்தவர்கள்.

புள்ளி வைக்க முடியாத வருகைகளும் இருந்தன. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து, குறுவை நடவு நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை. அம்மாக்கள் நடவுக்குப் போய்விடுவதால், தம்பி தங்கைகளைச் சிறுவர் பகுதியில் விட்டுவிட்டு வாசற்படிக்கு வெளியே செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கும் பெரிய பெண்கள் சிலரை நாள்தோறும் பார்த்தேன். உள்ளே வரச் சொன்னால், "இல்லை சார், இவனைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்" என்பார்கள். அரை மணி நேரம் வெயிலில் நின்றே காத்திருப்பார்கள். இதைக் கூச்சம் என்று நான் எழுதிவைத்தேன். அது தவறான குறிப்பு என்பது டிசம்பரில்தான் விளங்கியது.

நேரமும் ஒரு தடையாக இருந்தது. நூலகம் காலை 8 முதல் 11 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் திறந்திருந்தது. பள்ளி விடும் நேரம் 4 மணி 10 நிமிடம். சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கான நகரப் பேருந்து 4 மணி 45 நிமிடத்துக்கு. அதை விட்டால் இருட்டிய பிறகுதான் அடுத்தது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் சிறப்பு வகுப்பு ஆறு மணி வரை நடந்தது. இவர்களுக்கு மிஞ்சுவது வாரக் கடைசி. கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை நூலகம் உண்டு. அரசு அலுவலகம் என்றால் ஞாயிறு பூட்டியிருக்கும் என்றே பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். நான் விசாரித்த பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக்கூட ஞாயிறு திறந்திருக்கும் என்பது தெரியவில்லை. வாசலில் இருந்த நேரப் பலகையில் விடுமுறை நாள் மட்டும் எழுதப்பட்டிருந்ததே ஒழிய, ஞாயிறு திறந்திருக்கும் என்ற செய்தி இல்லை. முதல் மாற்றமாகச் சுண்ணாம்புக் கட்டியால் அதை எழுதினேன். செலவில்லாத அந்த வேலைக்கு ஆறு ஆண்டு ஆகியிருக்கிறது.

ஆகஸ்ட்: போட்டிகள்

ஆகஸ்ட் 12 நூலகர் நாள். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் 1892-இல் அந்த நாளில் பிறந்தவர். பிறந்த ஊர் இதே காவிரிப் படுகையில் உள்ள சீர்காழி. அந்நாளையொட்டிக் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்துவது எங்கள் வழக்கம். அவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மட்டும் என்று அறிவித்தேன். வாசகர் வட்டத்தார் பரிசுக்குப் பணம் சேர்த்தார்கள். ஆசிரியர் ஒருவர் 60 பேரை வரிசையில் அழைத்து வந்தார். வாசிப்பின் பயன் குறித்து நால்வர் பேசினார்கள். நால்வரும் ஆண்டுதோறும் எல்லா மேடையிலும் பேசுபவர்கள். சான்றிதழ் வழங்கி, படம் எடுத்து, அறிக்கை அனுப்பினோம். அடுத்த இரு வாரங்களில் அந்த 60 பேரில் திரும்ப வந்தவர் இருவர்.

அன்றைய நிகழ்ச்சியில் பயனுள்ளதாக நான் கண்டது ஒன்றே. பேச்சுப் போட்டி நடந்துகொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்த ஐந்து மாணவர்கள் மெல்ல நழுவி, கழிவு செய்வதற்காகக் கட்டி வைத்திருந்த பழைய இதழ்க் கட்டுகளைப் பிரித்துத் தரையில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். மாத நாவல்கள், வேளாண் இதழ்கள், ஒரு மோட்டார் வாகனப் பழுதுபார்ப்புக் கையேடு. ஆசிரியர் அதட்டி எழுப்பினார். நான் தடுக்கவில்லை, தடுத்திருக்க வேண்டும்.

செப்டம்பர்: துண்டுச் சீட்டுகள்

அந்த ஐவரையும் மனத்தில் வைத்து, எதைப் படிக்க வேண்டும் என்று சொல்வதை நிறுத்திவிட்டு, எது வேண்டும் என்று கேட்பதென முடிவு செய்தேன். நேரில் கேட்டால் பதின்ம வயதினர் நாம் கேட்க விரும்பும் பதிலையே சொல்வார்கள் என்பதால், ஒரு பிஸ்கட் டின்னின் மூடியில் துளையிட்டு, பெயர் எழுத வேண்டாம் என்ற குறிப்புடன் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட ஆசிரியை வழியாக இரண்டு வாரம் பள்ளியில் வைத்தேன். திறக்கும் பொறுப்பு ஆசிரியர் எவருக்கும் இல்லை என்பதையும் சாவி என்னிடமே இருக்கும் என்பதையும் டின்னின் மேலேயே எழுதி ஒட்டினோம். அந்த ஒரு வரி இல்லாமல் இருந்தால் சீட்டுகள் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று இப்போதும் நம்புகிறேன்.

மொத்தம் 87 சீட்டுகள். கிண்டலும் படமும் சினிமா நடிகர் பெயரும் நீங்கலாக மிஞ்சியவற்றைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். நீட் எழுதாமல் மருத்துவமனையில் வேலை செய்யும்படி என்ன படிக்கலாம் என்று பலர் கேட்டிருந்தார்கள். கல்விக் கடன் வாங்க நிலம் இருக்க வேண்டுமா என்று ஒருவர். மின்வாரியத்தில் கம்பியாளர் ஆவது எப்படி என்று இருவர். பேய்க்கதை வேண்டும் என்று நிறையப் பேர். முடிவில் யாரும் சாகாத காதல் கதை வேண்டும் என்று ஒருவர். உடலில் ஏற்படும் மாற்றங்கள் பற்றியும் மாதவிடாய் வலி பற்றியும், வீட்டில் கேட்க முடியாத கேள்விகள் எட்டு, ஒன்பது சீட்டுகளில் இருந்தன. சிலவற்றில் எழுத்து அடையாளம் தெரியாதபடி இடக்கையால் எழுதியது போல் கோணியிருந்தது. இவற்றுக்கெல்லாம் ஓரளவு விடை தரக்கூடிய நூல்கள் எங்களிடம் இருந்தன என்பதுதான் வருந்தத்தக்க செய்தி. மருத்துவ நூல்கள் என் மேசைக்கு நேர் பின்னால் இருந்தன; எடுக்க வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும். மேற்படிப்பு வழிகாட்டிகள் பின்னறையில், தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களின் முதுகுக்குப் பின்னால்.

ஒரு சீட்டில் இப்படி இருந்தது: "லைப்ரரிக்கு வந்தா என்ன படிக்கிறன்னு யாரும் எட்டிப் பாக்கக் கூடாது." நான் அதை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பின்னர் எடுத்த முடிவுகளில் பலவும் அந்த ஒரு வரியிலிருந்து வந்தவையே.

முதற்காரியமாக, உடல்நலம், உளவியல், மேற்படிப்பு ஆகிய நூல்களைக் கூடத்தின் இடப்பக்கக் கடைசி அடுக்குக்கு மாற்றினேன். அங்கே நிற்பவர் என் மேசையிலிருந்து தெரியமாட்டார். நூல் காணாமல் போகுமே என்ற அச்சம் எனக்கு இருந்தது. இருப்புச் சரிபார்ப்பில் குறையும் நூல்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் நூலகரே. கிளை நூலகர்கள் பலர் நூல்களைக் கண்பார்வையிலேயே வைத்துக்கொள்வதற்கு இதுதான் காரணமே தவிர, வாசகர் மீதான வெறுப்பன்று. ஆண்டு முடிவில் அந்த அடுக்கில் இரண்டு நூல்கள் குறைந்திருந்தன. ஒன்று பின்னர் வாசற்படியில் கிடந்தது.

உறுப்பினர் சேர்க்கையில் இருந்த தடை

நூல் எடுத்துச் செல்ல விரும்பிய பிள்ளைகள் செப்டம்பர் இறுதியில் வரத் தொடங்கினார்கள். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. காரணம் காப்புத்தொகை அன்று. விண்ணப்பத்தில் பிணைக் கையொப்பத்துக்கு, வீட்டு வரி ரசீது உள்ள ஒருவரை அழைத்து வரச் சொல்வது எங்கள் நூலகத்தின் நீண்ட நாள் வழக்கம். இந்த ஊரில் வாய்க்கால் புறம்போக்கில் குடியிருக்கும் விவசாயக் கூலிக் குடும்பங்கள் பல. அவர்களுக்கு ரசீது கிடையாது. ரசீது உள்ளவரிடம் போய் நூலகத்துக்காகக் கையெழுத்துக் கேட்க அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் தயங்கினார்கள். யாருடைய வீட்டுக்கு யார் போய் நிற்பது என்பது எங்கள் பகுதியில் எளிய கேள்வி அன்று.

1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம்தான் இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களில் முதல் முயற்சிகளுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க வழி செய்து, நூலகத்தை எவருடைய தயவிலும் நில்லாத பொது நிறுவனமாக ஆக்கியது அது. அந்த வரியின் ரசீதையே வாசலில் தாழ்ப்பாளாகப் போட்டிருந்தோம். மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதிக் கேட்டதில், மாணவர்களுக்குத் தலைமையாசிரியரின் கையொப்பமும் பள்ளி முத்திரையும் போதும் என்று எழுத்திலேயே பதில் வந்தது. காப்புத்தொகை கட்ட இயலாத 18 பேருக்கு வாசகர் வட்டம் கட்டியது. யார் கட்டினார் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை.

அக்டோபர்: ஓர் அலமாரி

கிளை நூலகங்களுக்கு நூல்கள் பெரும்பாலும் பொது நூலக இயக்ககத்தின் வழியாகத் தேர்வாகி வருகின்றன. நான் நினைத்த நூலை நான் வாங்க முடியாது. இருப்பதை எப்படி வைப்பது என்பது மட்டும் என் கையில் இருந்தது. ஆகவே தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஏழு பேரிடம் (நான்கு மாணவர்கள், மூன்று மாணவிகள்) கண்ணாடிக் கதவு கழற்றிய ஒரு பீரோவைக் கொடுத்து, நூலகம் முழுவதும் தேடி அவர்கள் வயதினர் படிக்கக்கூடியவற்றை எடுத்து அதில் அடுக்கச் சொன்னேன். பெரியவர் எவரும் அதில் நூல் வைக்கக் கூடாது, எடுத்து மாற்றவும் கூடாது என்பது அவர்கள் போட்ட விதி. எனக்கும் அது பொருந்தும் என்று தனியாகச் சொன்னார்கள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வேலை நடந்தது. ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத நூல்களை அவர்கள் தூசி தட்டி எடுத்த விதம் எனக்கே பாடமாக இருந்தது. அட்டைப் படம் பழையதாக இருந்தால் நூலை வைத்துவிடுகிறார்கள். எழுத்து சிறியதாக இருந்தால் வைத்துவிடுகிறார்கள். ஆனால் முதல் பக்கத்தை ஒருவர் உரக்கப் படித்து மற்றவர்கள் சிரித்துவிட்டால், அட்டை கிழிந்த நூலும் அலமாரிக்குப் போகிறது. ஒவ்வொரு நூலிலும் ஏன் எடுத்தோம் என்று ஒரு வரி எழுதிச் செருகினார்கள். "முதல் 20 பக்கம் போரடிக்கும், அப்புறம் விட மாட்ட" என்ற சீட்டு செருகப்பட்ட வரலாற்று நாவல், அவ்வாண்டில் அதிகம் வெளியே போன நூல்களுள் ஒன்று.

அலமாரியில் பேய்க்கதைகளும் துப்பறியும் மாத நாவல்களும் கணிசமாக இடம்பெற்றன. வாசகர் வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் இதைக் கடுமையாக ஆட்சேபித்தார். பரிசுப் பணத்தில் பெரும்பகுதி அவர் கொடுத்தது. நூலகம் நல்ல நூல்களைக் காட்டும் இடமாக இருக்க வேண்டும், கடையில் தொங்குவதை இங்கேயும் தொங்கவிடக் கூடாது என்பது அவர் வாதம். அதை நான் எளிதாகத் தள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று ரங்கநாதன் வகுத்த விதிகளில், வாசகர் எப்படிப்பட்டவராக ஆக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. நூல்கள் அலமாரியிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அவர் மூன்று மாதம் கூட்டத்துக்கு வரவில்லை.

பேருந்து நிறுத்தம்

4 மணி 45 நிமிடப் பேருந்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு நூலகத்துக்கு வந்து திரும்ப நேரமில்லை. ஆனால் அவர்கள் நிறுத்தத்தில் அரை மணி நேரம் சும்மா நின்றார்கள். 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்த முன்னோடி முயற்சி எங்கள் நூலகக் கூட்டங்களில் பெருமையாகச் சொல்லப்படுவது. அதை ஆண்டுதோறும் சொல்லிவிட்டு, 300 மீட்டர் தொலைவில் உள்ள நிறுத்தத்துக்குப் போகாமல் இருந்தோம்.

அக்டோபர் கடைசி வாரம் முதல் புதன்கிழமைதோறும் இரண்டு பைகளில் 40 நூல்களை டிவிஎஸ் 50-இல் வைத்து நிறுத்தத்துக்குக் கொண்டுபோனேன். அந்த அரை மணி நேரம் நூலகத்தைப் பார்த்துக்கொள்ள வாசகர் வட்டத்திலிருந்து ஒருவர் அமர்ந்தார். அதற்கும் முன் அனுமதி பெற்றிருந்தேன். இது உடனடியாகப் பலன் தந்தது. எதிர்பாராத விளைவும் ஒன்று இருந்தது: பேருந்தில் நூல்கள் கை மாறின. ஒருவர் பெயரில் போன நூல் வேறொருவரிடமிருந்து, சில வேளை வேறு ஊரிலிருந்து திரும்பி வந்தது. கணக்குப் பார்வையில் இது குறை. நான் அதைக் குறையாகப் பதிவு செய்யவில்லை.

நவம்பர்: நனைந்த நூல்

வடகிழக்குப் பருவமழை வலுத்த வாரத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் வருவது நின்றது. அவரோடு நிறுத்தத்தில் நூல் எடுக்கும் மூவரும் வரவில்லை. பைக்கு அருகில் வந்தாலும் என்னைப் பார்த்ததும் விலகினார்கள். இரண்டு புதன்கிழமைகள் கழித்து, அவர்கள் தெருவைச் சேர்ந்த மாணவி ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது: வாய்க்கால் பொங்கி வீட்டுக்குள் தண்ணீர் வந்ததில் நூல் நனைந்து ஊறிவிட்டது; நூலகத்தில் போலீசில் சொல்வார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள்.

நூலின் விலையைச் செலுத்த வேண்டும் அல்லது அதே நூலை வாங்கித் தர வேண்டும் என்பது விதி. விதியைச் சொல்லும்போது வெள்ளம், தீ போன்றவற்றைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்வதில்லை. அந்த வீட்டுக்குப் போனேன். கூரையிலிருந்து கொடியில் நூலைத் தொங்கவிட்டுக் காயவைத்திருந்தார்கள். பக்கங்கள் ஒட்டிப் பலகை போல் இருந்தது. மாணவரின் தாயார், அறுவடைக் கூலி வந்ததும் கட்டிவிடுவதாகச் சொன்னார். நூலின் விலை 90 ரூபாய். வாசகர் வட்டத்தின் செலவில் அதே நூல் வாங்கப்பட்டுப் பதிவேட்டில் ஈடு செய்யப்பட்டது. அதன் பிறகு மழைக்காலம் முழுவதும், விதைநெல் வரும் தடித்த பிளாஸ்டிக் பைகளை உரக்கடையிலிருந்து வாங்கிக் கழுவி, ஒவ்வொரு நூலையும் அதில் போட்டே கொடுத்தோம். நால்வரும் திரும்பி வந்தார்கள். மழையில் நனைந்தால் அபராதம் இல்லை, வந்து சொன்னால் போதும் என்று பையின் மேல் எழுதி ஒட்டும் யோசனை அந்த மாணவருடையது.

டிசம்பர்: புகாரும் பெஞ்சும்

டிசம்பர் முதல் வாரத்தில் பெற்றோர் ஒருவர் வந்து, அலமாரிக்குப் பின்னால் ஆணும் பெண்ணும் நின்று பேசுவதாகவும், தம் மகளை இனி அனுப்பப் போவதில்லை என்றும் சொன்னார். அவர் குரலை உயர்த்தவில்லை, கைகூப்பிவிட்டுத்தான் போனார். நான் பதறிவிட்டேன். எவரிடமும் கலந்து பேசாமல், சனிக்கிழமை மாலை மாணவியருக்கு மட்டும் என்று மறுநாளே எழுதி ஒட்டினேன்.

முதல் சனிக்கிழமை வந்தவர் மூவர். இரண்டாவது சனிக்கிழமை, அதுவும் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை என்பதையே மறந்திருந்தேன், நூலகம் விடுமுறை. மூன்றாவது வாரம் ஒருவரும் இல்லை. மற்ற நாள்களில் வந்துகொண்டிருந்த மாணவியரும் நின்றுவிட்டார்கள். அலமாரிக் குழுவில் இருந்த மாணவி ஒருவர், ஆசிரியை உடனிருக்க, காரணத்தைச் சொன்னார். தனி நாள் என்று ஆனதும், எதற்குத் தனி நாள் என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்திருக்கிறது. அதுவரை டியூஷன் போவது போலச் சாதாரணமாக இருந்த ஒன்று, அனுமதி கேட்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. பிறகு அவர் சொன்னதை இயன்றவரை அவர் சொற்களிலேயே தருகிறேன்: "பசங்களால எங்களுக்குத் தொந்தரவு இல்ல சார். வாசல்ல பெஞ்சுல உட்கார்ந்திருக்கவங்க ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிப் பாக்குறாங்க. யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேக்குறாங்க. அப்பாகிட்ட சொல்லிடுறாங்க."

ஜூலையில் வெயிலில் நின்ற பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். செருப்பைக் கழற்றாமல் நின்றது கூச்சத்தால் அன்று. செருப்பைக் கழற்றினால் அந்தப் பெஞ்சின் முன்னால் குனிய வேண்டும். நின்று பெயர் சொல்ல வேண்டும்.

தாழ்வாரத்தில் அமர்பவர்கள் தீயவர்கள் அல்லர். நூலகத்தின் மிகப் பழைய, மிக விசுவாசமான வாசகர்கள் அவர்கள். எனவே அவர்களுள் மூத்தவரான ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாங்க பார்க்கிறது காவல்னு நெனச்சுக்கிட்டிருந்தோம்" என்றார். மறுநாள் காலை அவரே இருவரைச் சேர்த்துக்கொண்டு பெஞ்சையும் நாளிதழ் மேசையையும் கட்டடத்தின் பக்கவாட்டில் புங்க மரத்தடிக்கு நேரான சன்னல் ஓரத்துக்கு மாற்றினார். மழை நாள்களில் அங்கே சாரல் அடிக்கும் என்பதால் வாசகர் வட்டம் ஒரு தகரச் சாய்ப்புப் போட்டுக் கொடுத்தது. தனி நாள் அறிவிப்பைக் கிழித்தேன். புகார் சொன்ன பெற்றோரை அழைத்து, அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி இருபக்கமும் திறந்திருக்கும்படி வைத்திருப்பதைக் காட்டினேன். அவர் மகள் பொங்கலுக்குப் பிறகு வந்தார்.

தை முதல் பங்குனி வரை

சம்பா அறுவடையில் வருகை வெகுவாகக் குறைந்தது. இயந்திர அறுவடை வந்துவிட்டாலும், வைக்கோல் கட்டு ஏற்றவும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவல் இருக்கவும் பெரிய பையன்கள் போய்விடுவார்கள். முதலில் சோர்வாக இருந்தது. பள்ளி வருகைப் பதிவேடும் அதே வாரங்களில் அப்படித்தான் இருக்கிறது என்று ஆசிரியை சொன்ன பிறகு, இதைத் தோல்விக் கணக்கில் சேர்க்கவில்லை.

மார்ச் மாதப் பொதுத்தேர்வுக்குப் படிக்க இடம் கேட்டு மாணவர்கள் வந்தபோது, பின்னறையில் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களோடு உரசல் ஏற்பட்டது. மாலை 5 முதல் 7 வரை ஒரு மேசை பள்ளி மாணவர்களுக்கு என்று ஒதுக்கினேன். இரு தரப்பும் முணுமுணுத்தார்கள். ஆனால் ஏப்ரலுக்குள், காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இதை யாரும் திட்டமிடவில்லை.

ஏப்ரல் முதல் ஜூன் வரை: விளைவு

தேர்வு முடிந்த பின் ஏப்ரலில் மீண்டும் இரண்டு வாரம் பென்சில் புள்ளி வைத்தேன்: 112. சீருடை இல்லாத நாள்கள் இதில் விடுபட்டிருக்கும் என்பதாலும், ஜூலையும் ஏப்ரலும் ஒரே தன்மையுள்ள மாதங்கள் அல்ல என்பதாலும் இந்த ஒப்பீட்டை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. அவ்வாண்டில் புதிதாகச் சேர்ந்த பதின்ம வயது உறுப்பினர்கள் 64 பேர். அவர்களில் மாணவியர் 27 பேர். அந்த மாணவியரில் 20 பேர் பெஞ்சு மாறிய பிறகு சேர்ந்தவர்கள்.

அலமாரிக் குழுவின் எழுவரில் நால்வர் பன்னிரண்டாம் வகுப்பு. மே மாதத்தோடு அவர்கள் திருவாரூருக்கும் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் படிக்கப் போய்விட்டார்கள். அலமாரி ஆறு வாரம் யாரும் அடுக்காமல் கிடந்தது. ஜூனில் எனக்கு அருகிலுள்ள மற்றொரு நூலகமும் கூடுதல் பொறுப்பாக வந்ததால், வாரத்தில் மூன்று நாள் மாலை இங்கே திறக்க இயலவில்லை. புதன்கிழமை நிறுத்தத்துக்குப் போவதும் நின்றது. ஆட்சேபித்து ஒதுங்கியிருந்த மூத்த உறுப்பினர் இதற்கிடையில் திரும்பி வந்து, அலமாரியிலிருந்து மாத நாவல் ஒன்றை எடுத்துச் சென்றார். திருப்பிக் கொடுக்கும்போது அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மீண்டும் தொடங்குவதாக இருந்தால் நான் போட்டியில் தொடங்கமாட்டேன், வாசலில் தொடங்குவேன். ஒரு பதின்ம வயதுப் பெண் தெருவிலிருந்து நூல் அடுக்கு வரை நடந்து வரும்போது யார் யார் கண்ணில் படுகிறார் என்பதை, மாலை 4 மணி 30 நிமிடத்துக்கு நானே ஒருமுறை நடந்து பார்த்திருந்தால் ஐந்து மாதம் மிஞ்சியிருக்கும். மாணவியருக்காக எடுக்கும் எந்த முடிவையும் மாணவியரிடம் கேட்காமல் எடுக்கமாட்டேன். புகார் வந்த அன்றே அறிவிப்பு எழுதியது, என் பதற்றத்தைத் தணிக்க நான் செய்துகொண்டதே அன்றி அவர்களுக்காகச் செய்தது அன்று.

அலமாரிப் பொறுப்பை எட்டாம், ஒன்பதாம் வகுப்பினரிடம் கொடுத்து, மேல் வகுப்பினரைத் துணைக்கு மட்டும் வைப்பேன். உறுப்பினர் அட்டையில் முத்திரை நின்றுபோகும் வயதும் அதுவே. பிணைக் கையொப்பம் பற்றி ஜூனிலேயே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். பதில் வர ஒன்பது நாள்தான் ஆனது. நனைந்த நூலுக்கும் தொலைந்த நூலுக்கும் என்ன நடைமுறை என்பதை உறுப்பினராகச் சேரும் நாளிலேயே வாயால் சொல்லிவிட வேண்டும்.

தீராத சிக்கல் ஒன்று உண்டு. இவை அனைத்தும் ஒரே ஊழியர் நாள்தோறும் மாலையில் அங்கே இருப்பதைச் சார்ந்திருந்தன. நூல் இருப்புக்கு நூலகரே பொறுப்பு என்பதால் சாவியை வாசகர் வட்டத்திடமோ மாணவர்களிடமோ கொடுக்க வழியில்லை. கூடுதல் பொறுப்பு நாள்களில் மாலை நேரத்தை இந்த நூலகத்துக்கும் காலை நேரத்தை மற்றதற்கும் ஒதுக்க அனுமதி கேட்டு ஜூன் இரண்டாம் வாரம் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். பிஸ்கட் டின் இப்போது நூலகத்திலேயே, இடப்பக்கக் கடைசி அடுக்கின் மேல் இருக்கிறது. கடந்த வாரம் திறந்தபோது நான்கு சீட்டுகள் இருந்தன. அவற்றில் மூன்று, புதன்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தன.